தண்ணீரை விரட்டும் வேலை

அம்மா போன் போட்டால் முதல் கேள்வி, "தண்ணி இருக்காடா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டிலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? முழங்கால் வரை சேறு அப்பிக்கொண்டு பூம்பாறையில் நின்றபடி, "அது ஒண்ணுதாம்மா இங்க அதிகம்" என்பேன். நம்ப மாட்டாள்.

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய அறுபது சென்ட் காடு மூன்று வருஷம் சும்மா கிடந்தது. பூம்பாறை, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகிற வழியில் இருக்கிறது. சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய விளைநிலங்கள், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். மலைப்பூண்டுக்குப் பேர்போன இடம். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாமனார் உயிரோடு இருந்தார். "இனிமே நம்ம பூண்டுக்கு ரேஷன் கார்டு மாதிரி ஒண்ணு வந்துருச்சு மாப்ளே" என்றார். விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னாள். எனக்கு வீம்பு. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பூண்டு ஊன்றத் தெரியாதா என்ன?

கொடைக்கானல் பக்கம் காடு என்று ஊர் டீக்கடையில் வாய் விட்டதுதான் தப்பு. "என்ன மாமா, அந்தச் செடியா?" என்று ஒருத்தன் கண்ணடித்தான். அடுத்தவன் இன்னும் விவரமாக, மலையில் அது நன்றாக வரும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தான். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா பயிரிட்டால் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அது போக, குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் எந்தச் செடியானாலும் முதல் எதிரி பூஞ்சணம்தான். பூண்டையே காப்பாற்ற முடியாமல் நான் முழித்த கதை அவனுக்குத் தெரியாது.

முதல் வருஷம் ஐப்பசியில் ஊன்றினேன். எங்கள் ஊர்ப் பழக்கப்படி வரப்பு கட்டி, உள்ளே பள்ளமாகப் பாத்தி. ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று வரப்பை மிதித்து மிதித்துக் கட்டினேன். மேல்காட்டு அண்ணன் வேலியோரம் நின்று பார்த்தார். "என்ன தம்பி, மீன் வளக்கப் போறியளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, புரியவில்லை. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் ஒரு பல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். விரலில் அழுத்தினால் வெந்த கிழங்கு மாதிரி பிதுங்கியது, அடியில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

இந்த வருஷம் அவசரப்படவில்லை. மாசியிலேயே மேலே போய்விட்டேன். கொடைக்கானல் ஏறுகிற சுற்றுலா வண்டிகள் முன்கூட்டியே பதிவு செய்து வாங்க வேண்டிய இ-பாஸ் முறை 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை எடுப்பதை விட வத்தலக்குண்டில் பஸ் மாறிப் போவதே சுலபம்.

முதல் வேலை, எந்த இடத்தில் போடுவது என்று பார்ப்பது. எங்கள் ஊரில் வெயில் எங்கே விழும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், எங்கேதான் விழாது? மேலே வெயிலைக் காசு மாதிரி எண்ண வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் இலையெல்லாம் நனைந்து நிற்கும். கிழக்கு வெயில் சீக்கிரம் பட்டு இலை காய்ந்துவிட்டால் நோய் பாதி குறைவு. பத்து மணி வரை நிழல் விழுந்தால் ஈரம் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், ஊதா நிறத்தில் புள்ளி விழுந்து இலை கருகும். மாமனார் வைத்த பேரி மரத்தில் கிழக்கே கவிந்த கிளைகளைக் கழித்தேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்பா வைத்த மரம். ஒரு வேளை சோறு போடாமல் இருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டது.

கடைசிப் படியை அப்படியே விட்டுவிட்டேன். தை மாதம் விடிகாலையில் ஒருமுறை பார்த்தேன், மேல் படிகள் பச்சையாக இருக்க, அடிப்படி மட்டும் உப்புத் தூவினது மாதிரி வெளுத்துக் கிடந்தது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். பூண்டு கொஞ்சம் தாங்கும், பீன்ஸ் ஒரே ராத்திரியில் கருகிவிடும். அந்தப் படி மாட்டுக்குப் புல்லாகவே இருக்கட்டும்.

அடுத்தது குழி. இதை மேல்காட்டு அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு முழம் ஆழத்தில் ஐந்து இடத்தில் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். முதல் ஊற்று மண்ணின் தாகத்துக்கு, இரண்டாவதுதான் கணக்கு. மூன்று குழிகளில் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பாதி இறங்கிவிட்டது. ஒன்று மத்தியானம் வரை இழுத்தது. வடக்கு மூலைக் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது, மேலே ஒரு தும்பி வேறு. அந்த மண்ணைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறம், துருப்பிடித்த மாதிரிக் கோடுகள், புளித்த மாவு வாடை. காற்றே போகாத மண் அப்படித்தான் இருக்குமாம். எங்கள் ஊர்க் கரிசலில் கண்ணால் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன். இங்கே மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. ஊரில் மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டிவிடுவோம், ஈரம் போவதற்குள் உழ வேண்டும். மேலே ஈரமண்ணில் கால் வைத்தாலே அது இறுகிச் செங்கல் ஆகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உடைந்து சிதறினால் மண்வெட்டி எடுக்கலாம். உருண்டையாகவே கிடந்தால் வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம். இந்தப் பங்குனியில் நிறைய டீ குடித்தேன்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 5.2 என்று வந்தது. மழை அதிகமாகக் கரைத்துக் கொண்டுபோகிற மலைமண் பெரும்பாலும் அமிலம்தான். பூண்டுக்கு 6க்கு மேல் இருந்தால் நல்லது. அமிலத்தைக் குறைக்கப் பன்னிரண்டு மூட்டை டாலமைட் சுண்ணாம்பு இறக்கினேன். சுண்ணாம்பையும் சாணி எருவையும் ஒரே நாளில் போட்டுவிடாதே, எருவில் இருக்கிற சத்து ஆவியாகப் போய்விடும் என்று எச்சரித்தார்கள். எனவே மாசியில் சுண்ணாம்பு, சித்திரையில் எரு. எருவும் நன்றாக மக்கினதுதான். போன தடவை பாதி மக்கினதைப் போட்டு, வெள்ளை வெள்ளையாகக் குண்டுப் புழு வளர்த்த பெருமை எனக்கு உண்டு.

பாத்தி இப்போது மேட்டுப்பாத்தி. மூன்றடி அகலம், ஓரடி உயரம், நடுவே ஓரடி வாய்க்கால். சரிவோடு ஓட்டினால் மழை மண்ணை வாரிக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே மட்டமாகப் போட்டால் தண்ணீர் தேங்கும். அதனால் குறுக்காக, ஆனால் நூறு அடிக்கு ஓரடி தாழ்கிற மாதிரி. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை உசிலம்பட்டியிலிருந்து கடன் வாங்கிப் போனேன். இருபது முளை அடித்துக் கயிறு கட்டியபோது, வேலைக்கு வந்த அக்காமார் "வீடு கட்டப் போறாரா?" என்று சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டோரமாக ஒரு வடிகால் வெட்டி, மேல் சரிவிலிருந்து வருகிற தண்ணீரை உள்ளே விடாமல் மடக்கினேன். வடக்கு மூலையின் பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிட்டது.

புத்திசாலித்தனமாக ஒன்று செய்து மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். கீழேயிருந்து கரும்புத்தோகை கொண்டுபோய் ஒரு பாத்தியில் மூடாக்குப் போட்டேன். ஒரு வாரம் கழித்து விலக்கினால் அடியில் ஓடில்லாத நத்தைகள், விரல் நீளத்துக்கு, வரிசையாகப் படுத்திருக்கின்றன. மூடாக்கு ஈரத்தைக் காப்பதற்கு. காக்கவே வேண்டாத ஈரத்துக்கு எதற்குப் போர்வை? அள்ளி எருக்குழியில் போட்டேன்.

விதைப்பூண்டு அடுப்படிக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, புகை பட்டுக் கறுத்துப்போய். வைகாசியில் ஊன்ற வேண்டும்.

போன வாரம் ராத்திரி நல்ல கோடை மழை. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாத்திகள் நனைந்து நிற்கின்றன, வாய்க்காலெல்லாம் சலசலவென்று ஓடுகிறது, எங்கேயும் தேங்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஆறு மணிக்குக் கீழ்க்காட்டுப் பெரியவர் வாசலில் நிற்கிறார்.

"தம்பி, ஒங்க தண்ணி பூராம் என் கேரட்டுக்குள்ள வந்துருச்சு."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தண்ணீர் வரவில்லை என்று வரப்பில் அரிவாளோடு நின்ற சண்டைகளைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான். என் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருத்தர் புகார் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். மன்னிச்சுக்கங்கய்யா என்று சொல்லி, அன்றைக்கே இரண்டு ஆளை வைத்து ஓடை வரைக்கும் இன்னும் நாற்பதடி வாய்க்கால் வெட்டினேன். பெரியவர் கூடவே நின்று வழி காட்டினார்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன்.

"தண்ணி இருக்காடா?"