கட்டணம் அறுநூறு, தகுதி ஒரு பக்கம்

"பெண், 30 முதல் 45 வயதுக்குள். சொந்தக் கார் வேண்டும், ஆர்சி உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ. அசல் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் இந்த பிராண்டின் எந்த ஷோரூமுக்கும் போயிருக்கக் கூடாது. உங்கள் மொபைல் எண் அவர்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கக் கூடாது. குடும்பத்தில் யாரும் வாகன விற்பனையில் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும். முழுப் பேச்சும் ஒலிப்பதிவு ஆக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட். கட்டணம் 600, எல்லாம் சேர்த்து."

மிஸ்டரி ஷாப்பிங் வேலைக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் சென்னையில் இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். வெளியில் சொன்னால் "ஓசியில் பர்கர் சாப்பிட்டுக் காசும் வாங்குற, உனக்கென்ன" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பேச வந்தது, எங்கள் கைக்கு வரும் கட்டணத்தைச் சொல்லும் அந்தக் கடைசி வரியைப் பற்றி. அதற்கு மேலே உள்ள வரிகள் எத்தனை கூடினாலும் கடைசி வரி மட்டும் அசையவே அசையாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெரிய கடைகளும் வங்கிகளும் தங்கள் ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஏஜென்சியை அமர்த்தும். ஏஜென்சி எங்களைப் போன்றவர்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல உள்ளே அனுப்பும். எந்தக் கடைக்கு யார், எந்தத் தேதியில் என்று பிரித்துக் கொடுப்பவர் ஸ்கெட்யூலர். பெரும்பாலும் குர்கானிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கும் இருபத்துச் சொச்ச வயதுப் பிள்ளைகள். நாங்கள் யாருக்கும் ஊழியர் இல்லை. ஒப்பந்தத்தில் "சுயாதீன ஒப்பந்ததாரர்" என்று போட்டிருக்கும்.

நிபந்தனைகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே கடைக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி போகக் கூடாது என்பது சரிதான். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு முகம் பழகிவிட்டால் வேலையே கெட்டுவிடும். தம்பி வேலை பார்க்கும் வங்கியை அக்கா போய்ச் சோதிக்கக் கூடாது என்பதும் சரி. ஆனால் கார், உரிமம், கிரெடிட் கார்டு, வருமான வரிக் கணக்கு, ஆங்கிலம், பார்த்தால் வாங்கக்கூடியவர் போலத் தெரியும் முகம் எல்லாம் நான் சம்பாதித்துச் சேர்த்து வேலைக்குக் கொண்டுவரும் முதலீடு. வாடகைக் கார் ஓட்டுபவர் வண்டியோடு வந்தால் அதற்கென்று ஒரு ரேட் உண்டு. எங்களுக்கு அது வெறும் "தகுதி".

போன் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் நுழைந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். கொடுத்த மறுநாளிலிருந்து விற்பனைப் பிரதிநிதி கூப்பிடுவார். "மேடம், இந்த வாரம் எக்ஸ்சேஞ்ச் போனஸ் போயிட்டிருக்கு." ஆடி முடிந்தால் ஓணம், ஓணம் முடிந்தால் ஆயுத பூஜை. பாவம், அவருக்கும் டார்கெட். எடுத்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எத்தனை முறை கூப்பிட்டார் என்பதும் ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி. அதன் பிறகு அந்த பிராண்டுக்கு என் நம்பர் செத்துவிடும், ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. இரண்டாவது சிம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், ட்ரூகாலரில் வேறு பெயர் வந்தால் ரிப்போர்ட் செல்லாது. ஒவ்வொரு வேலையிலும் என் நம்பரில் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. அதற்கு யாரும் பைசா கணக்குப் போடுவதில்லை.

இந்த 600 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். அம்பத்தூரிலிருந்து ஓஎம்ஆர் ஷோரூமுக்குப் போய்வரும் பெட்ரோலும் டோலும் இதற்குள்தான். உள்ளே ஒன்றரை மணி நேரம். டெஸ்ட் டிரைவ் போகும்போது சீட் பெல்ட் போடச் சொன்னாரா, ஏசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததா, போட்டி பிராண்டைக் குறை சொன்னாரா என்று எல்லாவற்றையும் நேரத்தோடு மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ரிப்போர்ட். நூறுக்கு மேல் கேள்விகள், "இல்லை" என்று டிக் அடித்த இடத்திலெல்லாம் ஏன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி. ஒலிப்பதிவை ஏற்ற வேண்டும், விசிட்டிங் கார்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மறுநாள், ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் ஏஜென்சி எடிட்டரிடமிருந்து, "12-ஆம் கேள்விக்கும் 47-ஆம் கேள்விக்கும் முரண்படுகிறதே" என்று வரும். ஆக ஒரு முழு நாள் போய்விடும். எங்கள் தெருவில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் பெண்ணின் நாள்கூலி இதைவிட அதிகம். அவருக்கு மாலையிலேயே கைக்கு வந்துவிடும், எனக்கு 45 நாள் கழித்து. சில இடங்களில் 60.

ரிப்போர்ட்டைத் தள்ளிவிட்டால் அதுவும் இல்லை. பில்லில் நேரம் மங்கலாக அச்சாகியிருந்தால் தள்ளுவார்கள். கடை அன்றைக்கு மராமத்துக்காக மூடியிருந்தால் போனது போனதுதான். சாப்பாட்டுக் கடையென்றால் தின்றதும் நம் காசில். இதில் யாருடைய தவறு என்ற கேள்விக்கே இடமில்லை.

சாப்பாட்டுக் கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. வேளச்சேரிப் பக்கம் ஒரு பர்கர் கடை. கட்டணம் 250, பில்லுக்கு 300 வரை திரும்பக் கிடைக்கும். கைப்பைக்குள் போனில் ஸ்டாப்வாட்ச். க்யூவில் சேர்ந்ததும் ஒரு தட்டு, ஆர்டர் கொடுத்ததும் ஒரு தட்டு, சாப்பாடு கைக்கு வந்ததும் ஒரு தட்டு. கவுண்டர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. பெயர்ப் பட்டை கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. அதுவும் ஒரு கேள்வி. பர்கரும் ஃப்ரைஸும் சொன்னேன். "பெரிய சைஸ் எடுத்துக்கிறீங்களா, டெசர்ட் வேணுமா" என்று அவன் கேட்க வேண்டும், அதற்கு மொத்த மதிப்பெண்ணில் நல்ல பங்கு. அவன் என்னைப் பார்த்தான், நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்ததையும் பார்த்தான். "அக்கா, ஒருத்தருக்கு இதுவே போதும். தண்ணி அங்க ஃப்ரீயாவே இருக்கு, பாட்டில் வாங்காதீங்க" என்றான். அன்றைக்கு நான் போன கடைகளிலேயே மனுஷனைப் போல நடந்துகொண்டவன் அவன்தான். படிவத்தில் அதை எழுத இடமில்லை. "கூடுதல் விற்பனைக்கு முயன்றாரா?" இல்லை. பூஜ்யம். கீழே கருத்துப் பெட்டியில் நாலு வரி எழுதினேன். எடிட்டர் அதை "தேவையற்றது" என்று வெட்டிவிட்டார். கிளையின் மதிப்பெண்ணை வைத்துத்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை என்று கேள்வி. என் 250-உம் அவன் ஊக்கத்தொகையும் ஒரே தாளில் எழுதப்படுகின்றன, அந்தத் தாளின் கேள்விகளைத் தயாரித்தவர் எங்கள் இருவரையும் பார்த்ததில்லை.

வரி விஷயமும் ஒரு கூத்து. ஒரு ஏஜென்சி, கட்டணத்தையும் பில் தொகையையும் கூட்டி, மொத்தத்துக்கும் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடித்தது. அப்படிப் பிடித்ததைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்தால் நான் தின்ற பர்கர் என் வருமானமாக ஏறியிருக்கிறது! கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்தான். ஆடிட்டருக்கு யார் கொடுப்பது? பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், அதுதான் சட்டம். அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பான் கார்டு இருக்கிறதா என்பதைத்தான். இரண்டாவதாகச் சொல்வது, வேலை கொடுப்பதற்கு முன் பணம் கட்டச் சொன்னால் அது மிஸ்டரி ஷாப்பிங் அல்ல, டெலிகிராம் மோசடி என்பது.

தகுதி நிபந்தனைகளால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. நகைக்கடை வேலைக்கு 45 வயதுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். என் மாமியாருக்கு 65. செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் பவுன் பேச்சையே எடுக்க மாட்டார். 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நகையிலும் தனித்தனியாகப் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்று வந்த பிறகு, லென்ஸ் வாங்கி அதைப் படித்துப் பார்த்துத்தான் தோடு எடுத்தார். ஒரு விற்பனையாளர் எங்கே மழுப்புகிறார் என்று அவருக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு ஆங்கிலம் எழுத வராது, வயதும் தாண்டிவிட்டது. சென்னையில் நகை வாங்குபவர்கள் யார் என்று குர்கானில் யாரோ ஒருவர் முடிவு செய்துவைத்திருக்கிறார். சில வேலைகளுக்கு முன்கூட்டியே போட்டோ கேட்பார்கள். "புரொஃபைல் மேட்ச் ஆகவில்லை" என்று ஒரு வரி திரும்பி வரும், காரணம் வராது. என்ன காரணம் என்று நமக்கே தெரியும்.

வங்கி வேலைகளில் இன்னொரு தலைவலி. ரெக்கரிங் டெபாசிட் போட வந்ததாகச் சொல்லி உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் பங்குச்சந்தையோடு கட்டிய காப்பீட்டுத் திட்டம் ஒன்றை மேசையில் விரிப்பார்கள். இது நாட்டுக்கே தெரிய வேண்டிய விஷயம். சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதே முறையில் ஆட்களை அனுப்பி, இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் என்ன ஆலோசனை தருகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஆய்வு 2017-ல் வெளியானது. குறிப்பிட்ட காலத்துக்குக் காப்பீடு மட்டும் தரும் டேர்ம் பாலிசியே போதுமானவருக்கும் கமிஷன் அதிகமுள்ள முழு ஆயுள் பாலிசியைத்தான் பெரும்பாலான முகவர்கள் பரிந்துரைத்தார்கள் என்று அதில் தெரியவந்தது. எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் வெளிவரும் உண்மையின் மதிப்பு அவ்வளவு. ஆனால் அதற்காக நான் என் பான், ஆதார் நகல்களை ஒரு கிளை மேலாளரின் மேசையில் விட்டுவிட்டு வருகிறேன். அது எங்கே போய்ச் சேரும் என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான் 500 ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குத் துண்டு வேலை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. உருப்படி கணக்கில் கூலி கொடுத்தாலும் நேரக் கணக்கில் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்டம் வைக்கலாம் என்று அன்றைக்கே எழுதியிருந்தார்கள். ஆனால் அது ஊழியர்களுக்கு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவரை கிக் தொழிலாளி என்று அழைக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதிலுள்ள நிறுவனப் பட்டியலில் வாடகைக் கார், உணவு விநியோகம் என்றெல்லாம் இருக்கிறது, எங்கள் பெயர் இல்லை. கடைசியில் "வேறு எந்தச் சரக்கு, சேவைத் தளமும்" என்று ஒரு வரி உண்டு, அதற்குள் எங்களை நுழைத்துப் பார்க்கலாம். நுழைந்தாலும் காப்பீடு, நலநிதி மாதிரிதான் கிடைக்கும், கூலிக்கு அடிமட்டம் கிடைக்காது. தமிழ்நாடு 2023-ல் கிக் தொழிலாளர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. சாலையில் சீருடையோடு ஓடுபவர்கள் கண்ணில் படுகிறார்கள். நாங்கள் கண்ணில் படாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குபவர்கள்.

ரேட் ஏறவே ஏறாதா என்றால், ஏறும். புரட்டாசியில் ஏறும். சிக்கன் பர்கர்தான் ஆர்டர் செய்ய வேண்டும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு ருசி பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வேலை எல்லா மாதமும் வரும். புரட்டாசி சனிக்கிழமையில் சென்னையில் அதற்கு ஆள் தேடுவது எப்படி என்று குர்கான் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "மேம், ப்ளீஸ், நோ ஒன் இஸ் டேக்கிங்" என்று குரல் செய்தி வரும். 250 இருந்தது 350 ஆகும், மாதக் கடைசி நெருங்கினால் 500. விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற ஊர்களிலும் அப்படித்தான், பதிந்தவர்கள் குறைவென்பதால் போக்குவரத்துச் செலவைத் தனியாகவே கொடுப்பார்கள். கொடுக்க அவர்களிடம் பணம் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆள் சுருங்கினால் கூலி ஏற வேண்டும் என்பது சந்தைக் கணக்கு. தகுதி நிபந்தனைகளும் ஆளைச் சுருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மற்றவர் என்ன வாங்குகிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாததால், ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் பெரிய க்யூ நிற்பதாக நினைத்து ஒப்புக்கொள்கிறோம். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் ரேட் பேசுவதே குற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டவற்றை எடுத்துப் படித்தேன். பிராண்டின் பெயரையும் படிவத்தையும் வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது.

அதனால் பிராண்டு பெயர் போடாமல், வகையையும் ரேட்டையும் மட்டும் எழுதிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். "கார், டெஸ்ட் டிரைவோடு, 600." "அதே மாதிரி, கோயம்புத்தூர், 900." இப்படி. கோயம்புத்தூர் 900-ஐப் பார்த்த அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் கோபத்தில் சோறு சாப்பிடவில்லை. அடுத்த முறை சென்னைக்காரர்கள் பலர் 900 கேட்டோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு 800, பெட்ரோல் தனி என்று வந்தது. அதற்குள் குழுவில் இருந்த ஒருவர் சத்தமில்லாமல் 600-க்கே இரண்டு ஷோரூம் எடுத்துவிட்டிருந்தார். அவர் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. திட்டுவதற்கு வாய் வரவில்லை, குழுவை விட்டும் நீக்கவில்லை.

அடுத்த காலாண்டுப் பட்டியல் இந்த வாரக் கடைசியில் வரும். நகைக்கடை இருந்தால் ஆயிரத்துக்குக் கீழே யாரும் எடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அவரும் சரி என்று கட்டைவிரல் போட்டிருக்கிறார்.