சாவு வீட்டில் நம்பிக்கையில்லாதவர்களுக்கு என்ன வேலை?

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களிடம் எங்கள் தருமபுரிப் பக்கத்தில் யாரும் தத்துவக் கேள்விகளைக் கேட்பதில்லை. உலகம் எப்படித் தோன்றியது, அறம் எங்கிருந்து வந்தது என்பவையெல்லாம் பட்டிமன்றத்துக்கு உரியவை. ஊரில் கேட்கப்படுவது ஒன்றுதான்: "நாளைக்கு நீ செத்தா யாரு வந்து எடுத்துப் போடுவாங்க?" நம் தோழர்கள் பலர் இதை ஏளனம் என்று கருதிக் கோபப்படுகிறார்கள். எனக்கோ, மதச்சார்பற்ற மனிதநேயத்தை நோக்கி எழுப்பப்படும் கேள்விகளிலேயே நியாயமானது இது என்று தோன்றுகிறது.

ஏனென்றால் கிராமத்தில் மதத்தின் பிடி கோயிலைவிடச் சாவு வீட்டில்தான் இறுகியிருக்கிறது. தகவல் போன ஒரு மணி நேரத்துக்குள் பங்காளிகள் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். பந்தல் போடுவது யார், வெளியூர் உறவினருக்குச் சொல்லியனுப்புவது யார், இறந்தவரின் மனைவிக்குப் பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரும், காரியம் எந்த நாளில் என்பதையெல்லாம் வழக்கம் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. துக்கத்தில் மூளை செயலற்றுப் போனவருக்கு அடுத்து எழுந்து செய்ய வேண்டியது இன்னதென்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள் அறிவார்கள். இதை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம்.

அதே வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கணவனை இழந்த பெண்ணுக்குக் கடைசியாக ஒருமுறை பூவும் பொட்டும் வைத்து, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றும் சடங்கை ஊரார் நடுவே நிகழ்த்துவதில் கருணை ஏதும் இல்லை. பறையடிப்பதும் குழி வெட்டுவதும் பிறப்பால் இன்னாருக்கு உரிய வேலை என்று விதித்திருப்பதும், சாதிக்கொரு சுடுகாடு வைத்திருப்பதும் அந்த ஒழுங்கின் பகுதிகளே. ஆறுதலையும் அவமதிப்பையும் ஒரே கையால் தருகிற ஏற்பாடு இது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க முடியுமா என்பதே என் கவலை.

சட்டம் இந்த வழியில் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. திருமணத்தைப் பொறுத்தவரை, அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே போதும், புரோகிதர் தேவையில்லை. ஆகவே திருமணத்துக்கு நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. சாவுக்குத்தான் ஒவ்வொரு குடும்பமும் அழுகைக்கு நடுவே புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

பாலக்கோடு பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்த என் ஒன்றுவிட்ட பெரியப்பா, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். 2008-இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு இது தொலைதூரக் கனவாக இருக்கவில்லை. இப்போது கிருஷ்ணகிரியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் கையெழுத்திட்ட படிவத்தைவிட, அதை வீட்டாரிடம் திரும்பத் திரும்பப் பேசியதுதான் காரியத்துக்கு உதவியது. படிவம் பூர்த்தி செய்யப்பட்டிருந்தாலும், இறந்த பிறகு நெருங்கிய உறவினர் சம்மதிக்காவிட்டால் நடைமுறையில் எதுவும் நடக்காது. கண்களை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலைக் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை; ஆகவே விபத்தில் இறந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

அவர் இறந்த அன்று தடையாக நின்றவர் என் அத்தை. "கொள்ளி வெக்காம எப்படிப்பா அனுப்புறது, எங்கண்ணன் அனாதையா?" என்று கேட்டார். அங்கிருந்த தோழர் ஒருவர் ஆன்மா என்று எதுவும் இல்லை என விளக்கத் தொடங்கியபோது அவரை வெளியே அழைத்துப் போனோம். அத்தையின் கேள்வி ஆன்மாவைப் பற்றியதே அல்ல. தன் அண்ணனுக்கு உரிய மரியாதை கிடைக்குமா என்பதுதான் அவர் அறிய விரும்பியது. மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்களான ஜோதிபாசு 2010-இலும் சீதாராம் யெச்சூரி 2024-இலும் இப்படித்தான் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள் என்பதையும், முதலாண்டு மாணவர்கள் இந்த உடலிலிருந்தே மருத்துவம் கற்பார்கள் என்பதையும் அவருடைய பேத்தி பொறுமையாகச் சொன்னாள். அத்தை முழுவதும் சமாதானம் அடையவில்லை. ஆனாலும் வண்டி வரை வந்து, தன் கையாலேயே மாலை போட்டார். பெரியம்மாவின் தாலியையும் வளையலையும் யாரும் தொடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதிலாக நடந்த படத்திறப்பில் அவரே படத்தைத் திறந்துவைத்தார்.

அதன்பிறகு நாங்கள் சிலர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். பக்தர் வீடோ பகுத்தறிவாளர் வீடோ, எந்தச் சாதியோ, சாவு என்று தெரிந்தால் போகிறோம். மருத்துவரிடம் இறப்புச் சான்று வாங்குவது, 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்வது, வாரிசுச் சான்றுக்கும் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் எழுதித்தருவது, கூட்டம் கலைந்த பிறகான நாட்களில் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது ஆகியவை எங்கள் வேலைகள். சடங்கு நடக்கும்போது ஓரமாக நிற்போம், குறுக்கே பேச மாட்டோம். இது சமரசம் என்று நகரத்து நண்பர்கள் குறை சொல்கிறார்கள். பிறர் துக்கத்தில் தலைகாட்டாதவன், தன் வீட்டுச் சாவில் ஊரிடம் புதுமுறையை ஏற்கச் சொல்வதற்கு என்ன உரிமை வைத்திருக்கிறான்?

தீராத சிக்கல்களும் இருக்கின்றன. பறை வேண்டாம் என்று நாம் முடிவு செய்யும்போது, கட்டாயத் தொழில் ஒன்று ஒழிகிறது. அன்றைய கூலியும் சேர்ந்தே போகிறது. இளைஞர்கள் சிலர் பறையைச் சாவிலிருந்து பிரித்துக் கலை மேடைக்குக் கொண்டுபோகிறார்கள், ஆனால் ஊரில் அடிக்கும் முதியவருக்கு அந்த மேடை கிடைப்பதில்லை. படத்திறப்புக்கே அவரை அழைத்து, மற்றக் கலைஞருக்குத் தருவது போல முன்பணம் கொடுத்து, வாசிக்கச் சொல்லலாமே என்று ஒருவர் யோசனை கூறினார். அந்த முதியவரிடமே கேட்டபோது, கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன், "எனக்கு எங்க எலை போடுவீங்க?" என்றார்.