ஒரே பெயரில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எழுப்பும் வேலை மூன்று மாதமாக நடக்கிறது. சுதைச் சிற்பங்கள் ஓர் அளவைத் தாண்டியதும் என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், கையை விரித்துவிட்டது. நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வரும், வேலை அப்படியே நின்றுவிடும். 6 ஜிபி நினைவகத்தில் எத்தனை தெய்வங்களைத்தான் ஏற்றுவது?

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வாங்குவது என்று முடிவானது. 2025 ஏப்ரலில் அது 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வந்தது. அறிமுக விலை 379, 429 அமெரிக்க டாலர். சிம் லிம் ஸ்குவேர் கணினி அங்காடியில் நான் ஏறி இறங்கிய கடைகளிலோ வித்தியாசம் 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல்.

"பெயர் ஒன்றுதானே, பிறகு எதற்கு இவ்வளவு கூடுதல்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. இரண்டிலும் கணக்குப் போடும் கூடா கோர்கள் 4608, நினைவகத்துக்குப் போகும் பாதை 128 பிட், நினைவக வேகம் வினாடிக்கு 448 ஜிபி. நினைவகம் நிரம்பாதவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும். எல்லா நேரமும் இப்படி இருப்பதில்லை. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபியும் 192 பிட் பாதையும் கொண்டது. மறு ஆண்டு அதே பெயரில் வந்த 8 ஜிபி வகையில் பாதையையும் 128 பிட்டாகக் குறுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்புவதில்லை.

என் விஷயத்தில் முடிவைச் சொன்னது மதர்போர்டு. என்னுடையது பழைய பி450 வகை; கார்டையும் கணினியையும் இணைக்கும் பிசிஐஇ வழி அதில் 3.0 தலைமுறை. இந்தக் கார்டோ எந்த ஸ்லாட்டில் செருகினாலும் அந்த வழியின் எட்டு லேன்களை (தடங்களை)த்தான் பயன்படுத்தும். அப்படியானால் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. கார்டின் நினைவகம் வழிந்தால், மிச்சத் தரவு ஐம்பது மடங்குக்கும் மேல் மெதுவான இந்த வழியாகத்தான் வந்துபோக வேண்டும். 16 ஜிபியே எடுத்தேன்.

மூன்று விசிறி வகை பார்க்க அழகாக இருந்தது. 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். கணினிப் பெட்டியின் கேபினெட்டை அளந்திருக்கிறேன், 33 இருக்கிறது என்று கடையில் பெருமையாகச் சொன்னேன். முன்பக்க விசிறியையும் ஹார்ட் டிஸ்க் கூண்டையும் கழிக்க மறந்தது ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. நல்ல வேளை, அன்று பணம் கட்டவில்லை. வீட்டில் மறுபடி அளந்தால் 27. மறுநாள் இரண்டு விசிறி வகையை வாங்கினேன். 180 வாட் கார்டைக் குளிர்விக்க அது போதும்.

பழைய கார்டைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. ஸ்லாட்டின் கொக்கி பிராசஸர் கூலருக்கு அடியில் ஒளிந்திருந்தது, விரல் நுழையவில்லை. திருப்புளி வழுக்கினால் போர்டு கீறிவிடும். முந்தின இரவு தின்ற சாத்தேயின் குச்சியைக் கழுவி, தட்டைமுனையால் மெல்ல அழுத்தினேன். டக்கென்று விட்டது.

அதே கோபுரக் காட்சியை ஓட்டினேன். நினைவகப் பயன்பாடு 11 ஜிபியைத் தொட்டது. அறை வெப்பம் 31 டிகிரி, கார்டு 67. விசிறிச் சத்தம் கூரை விசிறிக்குள் அடங்கிவிட்டது.

இனி கோபுரத்தின் மேல்நிலைகள் பாக்கி. வெயில் ஏறுமுன் ஞாயிறு காலை போய்ச் சிற்பங்களைப் படமெடுக்க வேண்டும்.