உப்புச் சதுப்பின் பச்சைக்கண் ஈ

ஜூலை 6, ப்ளம் தீவு, மாசசூசெட்ஸ்
கடற்கரைக்குப் போகும் வழியிலேயே எச்சரிக்கைப் பலகை: பச்சைத்தலை ஈ வந்துவிட்டது. டபானஸ் நைக்ரோவிட்டாடஸ் என்ற குதிரை ஈ. கண் இரண்டும் பளீரென்ற பச்சை. பார்க்க அழகுதான், கடி மட்டும் தாங்க முடியாது. கொசு ஊசி குத்துகிறது. இது தோலைக் கத்தரித்து, கசியும் ரத்தத்தை நக்குகிறது. கடிப்பது பெண் ஈ மட்டும்தான். ஆண் ஈக்குப் பூந்தேன் போதும்.

ஜூலை 9
இன்று சதுப்பின் ஓரமாகவே நடந்தேன். கேப் ஆன் முனையிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் வரை 20,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்தச் சதுப்பு. ஓதம் ஏறி இறங்கும் சேறு, ஸ்பார்ட்டினா புல், நடுவே வளைந்து வளைந்து ஓடும் உப்போடைகள். ஈயின் பிறந்த வீடு இதுதான். புல்லின் மேல் முட்டை. பொரித்த புழு சேற்றுக்குள் இறங்கி, சின்னச் சின்ன உயிர்களை வேட்டையாடித் தின்றபடி ஒன்றிரண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. நாம் பார்க்கும் பறக்கும் வாழ்வு சில வாரம்தான்.

மருந்தடித்து ஒழிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. அதே சேற்றில் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. புழு இருப்பதோ மண்ணுக்குள். மருந்து அதைத் தொடுவதற்குள் மற்றதெல்லாம் செத்துவிடும்.

ஜூலை 15
சதுப்பில் ஆங்காங்கே நான்கு கால் வைத்த கறுப்புப் பெட்டிகள் நிற்கின்றன. ஏதோ கால்நடை என்று நினைத்து ஈ அதன் வயிற்றுப் பக்கம் நுழைகிறது. அப்புறம் வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறி வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. விஷமே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஈ முதல் ஈட்டு முட்டையை ரத்தம் குடிக்காமலே இடுகிறது. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த சத்தே அதற்குப் போதும். அடுத்த ஈட்டுக்குத்தான் நம்மைத் தேடி வருகிறது. அதாவது பெட்டியில் சிக்குவது பெரும்பாலும் ஒருமுறை முட்டையிட்டு முடித்த ஈ. கடி குறையும், இனம் அழியாது. எனக்கு இதில் முழுச் சம்மதம்.

ஆகஸ்ட் 11
வெகுவாகக் குறைந்துவிட்டது. வெயிலில், காற்றில்லாத நேரத்தில்தான் இன்னும் ஒன்றிரண்டு மொய்க்கின்றன. வருகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அடர்நிறம் வேண்டாம். நாளை கடற்காற்று பலமாக இருக்குமாம். காலையிலேயே போய்விடலாம் என்றிருக்கிறேன்.