'பிதாவே, மன்னியும்': கோவென்ட்ரியின் இடிந்த ஆலயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள புனித மிக்கேல் பேராலயத்திற்குள் நுழைந்தபோது என் தலைக்கு மேல் கூரை இல்லை, வானம்தான் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் அந்தப் பழைய ஆலயம் எரிந்துபோனது. நகரத்தில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டுமே மிஞ்சின.

நான் அங்கே போனது சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. உடன்பிறந்தவரைப் போல நான் நம்பியிருந்த ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் என்மீது பொய்ப்பழி சுமத்தி என் நற்பெயரைக் கெடுத்தார். அவரை மன்னித்துவிட்டேன் என்று பலமுறை ஜெபத்தில் சொல்லியிருந்தும், அவருடைய பெயர் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு இறுகுவது நிற்கவில்லை. அந்த இறுக்கத்தோடுதான் அந்த முற்றத்தில் நின்றேன்.

எரிந்து விழுந்த கூரையின் இரண்டு உத்தரங்கள் சிலுவை வடிவில் கிடந்ததை ஒரு கல்தச்சர் கண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினாராம். பழைய கூரையின் மூன்று ஆணிகளைக் கொண்டு இன்னொரு சிலுவையும் செய்யப்பட்டது. அப்போதைய ஆலயத் தலைவர் ரிச்சர்ட் ஹோவர்ட், பலிபீடத்திற்குப் பின்னாலுள்ள சுவரில் 'பிதாவே, மன்னியும்' என்ற இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். என்னை அசையாமல் நிறுத்தியது அந்த எழுத்துகள்தான். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்று நம் ஆண்டவர் சிலுவையில் ஜெபித்ததை நாம் அறிவோம். அந்தச் சுவரில் 'இவர்களுக்கு' என்ற சொல் இல்லை. குண்டு வீசியவர்களைச் சுட்டிக்காட்ட எல்லா நியாயமும் இருந்த ஒரு சபை, அந்தச் சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு, தானும் மன்னிப்புக் கேட்பவர்களின் வரிசையில் போய் நின்றது.

நானோ இத்தனை ஆண்டுகளும் 'அவருக்கு மன்னியும்' என்றே ஜெபித்து வந்தேன். அந்த ஜெபத்திற்குள் ஒரு குற்றப்பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருந்ததை அங்கே நின்றபோதுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்த இடிபாடுகளின் நடுவே ஒப்புரவு மன்றாட்டு ஏறெடுக்கப்படுகிறது. 1958-இல் எழுதப்பட்ட அந்த மன்றாட்டில் தேசங்களையும் இனங்களையும் பிரிக்கும் வெறுப்பு, பேராசை, அகதிகளின் துயரத்தில் காட்டும் அக்கறையின்மை, தேவனை நம்பாமல் தன்னையே நம்பச் செய்யும் பெருமை என ஒவ்வொன்றாகச் சொல்லப்பட, கூடியிருப்பவர்கள் "பிதாவே, மன்னியும்" என்று மறுமொழி கூறுகிறார்கள். மற்றவர்களின் நலனையும் மகிழ்ச்சியையும் கண்டு கொள்ளும் பொறாமையைப் பற்றிய வரி வந்தபோது என் குரல் எழவில்லை. அவருடைய குடும்பம் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்ட நாட்களில் எனக்குள் எழுந்த கசப்புக்கு அதுதான் பெயர்.

அதனால் அவர் செய்தது சரியாகிவிடவில்லை. அந்த ஆலயத்தாரும் இடிந்த சுவர்களை மறைக்கவில்லை; இடிபாட்டை அப்படியே விட்டு, அதன் அருகிலேயே புதிய பேராலயத்தைக் கட்டி 1962-இல் பிரதிஷ்டை செய்தார்கள். நேசநாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்த பெர்லின் கெய்சர் வில்ஹெல்ம் ஆலயத்திலும் இன்று கோவென்ட்ரியின் ஆணிச் சிலுவை ஒன்று இருக்கிறது. காயத்தை மறைக்காமலே கை நீட்ட முடியும் என்பதை எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தத் திறந்த முற்றம் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

"கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல, நீங்களும் ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்" என்ற எபேசியர் வசனத்தோடு மன்றாட்டு முடிந்தது. எல்லோரும் கலைந்த பிறகு பலிபீடத்தின் முன் முழங்காலிட்டு, முதன்முறையாக அவருடைய பெயரையும் என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு சுவரிலிருந்த இரண்டு சொற்களை வாசித்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.