கையில ஏறிச்சா?

கோவையில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த காரைக் கழுவிப் பாலிஷ் போடும் டீட்டெய்லிங் கடையில்தான் நான் வேலை பழகினேன். முதல் மூன்று மாதம் தண்ணீர் அடிப்பது, துடைப்பது, ஓரங்களில் டேப் ஒட்டுவது மட்டும்தான். பாலிஷரைத் தொட விடமாட்டார்கள். நான்காவது மாதம் ஒரு நாள் மாஸ்டர் டியூயல் ஆக்‌ஷன் மெஷினை, அதாவது பேடைச் சுழற்றிக்கொண்டே அதிரவும் வைக்கும் பாலிஷரை, கையில் கொடுத்து, "6 இஞ்ச்சைக் கழட்டிட்டு 5 இஞ்ச் பிளேட்டைப் போட்டு, பின்கதவை ஆரம்பி கண்ணு" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பேக்கிங் பிளேட் என்பது மெஷினுக்கும் பாலிஷ் போடும் ஸ்பாஞ்சான பேடுக்கும் நடுவில் இருக்கும் கறுப்புத் தட்டு. ஒரு பக்கம் மரை, மறுபக்கம் வெல்க்ரோ. பேடைப் பற்றியும் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள், பிளேட்டைப் பற்றிப் பேசியதே கிடையாது. டப்பாவில் ஏழெட்டு பிளேட் கிடக்கும். அளவைப் பார்த்து எடுத்து மாட்டுவோம், அவ்வளவுதான்.

நான் எடுத்தது புது பிளேட். நடுவில் மரை போட்ட தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மெஷினின் சுழலும் முனையான ஸ்பிண்டிலில் வைத்து விரலால் திருகினேன். ஒன்றரைச் சுற்று போனது, அப்புறம் நின்றுவிட்டது. புதுசு, அதனால் டைட்டாக இருக்கிறது என்று நினைத்தேன். ஸ்பேனரால் ஸ்பிண்டிலைப் பிடித்துக்கொண்டு, பிளேட்டை முழு பலத்தோடு திருப்பினேன். கறகறவென்று இன்னும் ஒரு சுற்று ஏறியது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. சரி, உட்கார்ந்துவிட்டது என்று பேடை ஒட்டிக் கதவில் வைத்தேன்.

கறுப்பு செடான். இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் போயிருப்பேன். சத்தம் மாறியது, கை அதிர ஆரம்பித்தது. சுவிட்சை அணைப்பதற்குள் பிளேட் பேடோடு கழன்று தரையில் உருண்டது. வெறும் ஸ்பிண்டில் முனை கதவில் இடித்து, நகக்கண் அளவுக்கு ஒரு பிறையைக் கீறிவிட்டது. கம்பெனி பெயிண்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெலிசு. அந்தக் கீறல் அதைத் தாண்டி, கலரையும் தாண்டி, சாம்பல் நிற பிரைமர் வரைக்கும் போயிருந்தது. அதைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது.

மாஸ்டர் சத்தம் போடவில்லை. பிளேட்டைக் குனிந்து எடுத்து, மரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கையில ஏறிச்சா, ஸ்பேனர் போட்டு ஏத்தினியா?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கார்க்காரருக்கு அவரே போன் செய்து நடந்ததைச் சொன்னார். கடைச் செலவில் கதவு முழுவதும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்.

மறுநாள் மெஷினையும் இரண்டு பிளேட்டுகளையும் எடுத்துக்கொண்டு கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் பழைய பிளேட்டின் தண்டில் பிட்ச் கேஜை, அதாவது மரையின் இடைவெளியை அளக்கும் பல் வைத்த தகடுகளை, வைத்தார். 24 என்று போட்ட தகடு பல்லோடு பல்லாகப் பொருந்தியது. புது பிளேட்டில் வைத்தபோது அதே தகடு ஏறி இறங்கி நின்றது. 1.25 போட்ட தகடுதான் அதில் உட்கார்ந்தது. "இது ரெண்டரை நூல், இஞ்ச் மரை. அது 8 எம்எம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒன்று. ரெண்டரை நூல் என்பது 5/16 இஞ்ச், அதாவது 7.94 எம்எம். எட்டுக்கும் அதற்கும் தடிமனில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இஞ்ச் மரையில் ஓர் இஞ்ச் நீளத்துக்கு 24 சுற்று, எம்எம் மரையில் 20 சுற்றுக்குக் கொஞ்சம் கூட. அதனால்தான் முதல் சுற்று ஏமாற்றி உள்ளே விடுகிறது, அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் திருகினால் இரும்பு இரும்பை வெட்டும். நான் டைட் என்று நினைத்தது அந்த வெட்டைத்தான். பெரியவர் சரியான அளவில் மரை வெட்டும் கருவியை (டேப்) விட்டு ஸ்பிண்டிலின் மரையைச் சுத்தம் செய்தார். வாய்ப்பக்கம் இரண்டு சுற்று போய்விட்டது, உள்ளே இருந்தது தப்பித்தது.

அதிராமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷினிலும் இதே கதை உண்டு. நம் ஊரில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் எம்14, அதாவது 14 எம்எம் மரை, அமெரிக்க மெஷின்களில் 5/8 இஞ்ச். 4 இஞ்ச் கிரைண்டரில் பாலிஷ் பிளேட் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் பொதுவாக எம்10. அந்த வேகத்தில் பெயிண்டைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மரை சரியான பிறகும் எனக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தது. அந்த டியூயல் ஆக்‌ஷன் மெஷினில் பிளேட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் மெல்லிய வாஷர் ஒன்று வரும். ஒரு நாள் பழைய பிளேட்டின் தண்டிலேயே அது ஒட்டிக்கொண்டு போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. மெஷின் ஓடியது, ஆனால் கதவு பளபளப்பாகவில்லை. நானும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தால் பிளேட்டின் முதுகு மெஷினின் ரப்பர் உறையில் உரசி, சுற்றிலும் கறுப்புத் தூள். பேட் அதிர்ந்திருக்கிறதே தவிர, சுற்றவே இல்லை. வாஷரைத் தேடி எடுத்துப் போட்டதும் பிளேட் விரலால் தட்டினாலே லேசாகச் சுழன்றது. அதற்காக ஒன்றுக்கு இரண்டாகப் போடவும் கூடாது. மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிளேட்டின் முதுகிலும் வெள்ளை மார்க்கரால் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுகிறேன். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், இல்லையென்றால் உரசல். பேடை ஒட்டும்போதும் அவசரப்படுவதில்லை. 125 எம்எம் பிளேட்டில் 140 எம்எம் பேட் என்றால் சுற்றிலும் ஏழரை எம்எம் ஸ்பாஞ்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் மெஷின் ஆடும், பிளேட்டின் விளிம்பு வளைவுகளில் பெயிண்டைத் தொடும். பிய்த்து மறுபடி ஒட்ட அரை நிமிடம் போதும்.

இப்போது என்னிடம் ஒரு பையன் வேலை பழகுகிறான். போன வாரம் ஒரு வெள்ளை காரின் பானெட்டுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அண்ணா, ரெண்டாவது சுத்துல நிக்குது" என்றான். ஒரு கையில் மெஷின், இன்னொரு கையில் பிளேட். ஸ்பேனர் பெஞ்சின் மேலேயே இருந்தது. டேப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் டப்பாவைக் கொட்டி, பிட்ச் கேஜை வைத்து, ஒவ்வொரு பிளேட்டின் முதுகிலும் மார்க்கரால் அதன் மரையை எழுதினோம். கடைசியாகக் கிடைத்த ஒன்றை அவன் விரலால் திருகினான். அடிவரைக்கும் தடையில்லாமல் ஏறியது.