ரோபோவுக்கு முன்னால் தரை

இயந்திரங்களுக்கு ஆர்டர் போட்ட அன்றே பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. அதில் ரோபோக்களை நிறுத்தி, ஓட்டி, சரிபார்க்க எடுத்தது மூன்று மாதம்தான். மற்றதெல்லாம் கட்டடம் தின்றது.

லேத்தும் பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்த நாற்பது வருடப் பழைய ஷெட் அது. அதற்குள் ஆறு ரோபோ, ஒரு கன்வேயர், ஆளில்லாமல் ஓடிப் பொருள் சுமக்கும் நான்கு வண்டிகள் என்று ஒரு முழு லைன் வரவேண்டும். பொறுப்பு என் தலையில்.

ஷெட் கட்டியபோது போட்ட வரைபடம் பத்திரமாக இருந்தது. அதை வைத்தே லேஅவுட்டைத் தொடங்கினோம். லேசர் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது வீண் செலவு என்று வாதாடியவர்களில் நானும் உண்டு. ஸ்கேன் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வரிசைத் தூண்கள் வரைபடத்தில் இருந்த இடத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி நின்றன. ஆட்கள் வேலை செய்தவரை அது யாருக்கும் உறுத்தவில்லை. வேலியும் கன்வேயரும் தூணும் நெருங்கி நிற்கும் மூலையில் அந்த 60 மி.மீ. இல்லாவிட்டால் பராமரிப்புக் கதவு பாதிதான் திறக்கும்.

அப்புறம் தளம். எனக்கு மிச்சம் இருந்த கறுப்பு முடி போனது இங்கேதான்.

பல இடங்களில் 100 மி.மீ. விட்டத்தில் கோர் (தளத்தைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்துப் பார்த்தோம். ஓர் இடத்தில் காங்கிரீட் தடிமன் 200 மி.மீ., நாலடி தள்ளினால் 120. எப்போதோ அகற்றிய இயந்திரங்களின் அஸ்திவாரங்கள் அடியில் அப்படியே புதைந்து கிடந்தன. எங்கள் ரோபோ ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல். அந்த எடையைப் பழைய தளமே தாங்கிவிடும். முழு வேகத்தில் கையை வீசி வரும்போது அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால், அடித்தட்டைப் பிடுங்கி எறியப் பார்க்கும் விசைதான் கவலை. ரோபோவைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் அதைத் தாங்க, காங்கிரீட்டில் போதிய ஆழமும் பலமும் வேண்டும். கடைசியில் ஆறு இடத்திலும் தளத்தை வெட்டிப் புது அஸ்திவாரம் போட்டோம். வெட்டும்போது எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு வடிகால் குழாய் வந்து நின்றது.

வண்டிகளுக்கு வேறு தொல்லை. தரையைச் சரிபார்க்க இரண்டு எண்கள் சொல்வார்கள்: சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கு எஃப்எஃப், மொத்தச் சரிவுக்கு எஃப்எல். இரண்டும் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல தரை. எங்கள் தரையில் சரிவு பரவாயில்லை, காங்கிரீட் பாளங்களுக்கு இடையே உள்ள இணைப்புக் கோடுகள்தான் மோசம். ஓரங்கள் உடைந்து வாய் பிளந்திருந்தன. டிராலி தள்ளியவர்கள் அந்த இடம் வந்ததும் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கித் தாண்டிவிடுவார்களாம். தானியங்கி வண்டி அப்படியே இறங்கி ஏறும். தட்டில் இருக்கும் பாகம் சில மி.மீ. நகரும், அடுத்த நிலையத்தில் ரோபோவின் பிடி வெறும் காற்றைப் பிடிக்கும்.

ஓரங்களைச் செப்பனிட்டு, தரையைத் தேய்த்து, எபாக்சி பூசினோம். மூன்று வாரத்தில் ஒரு பகுதி முழுக்கக் கொப்புளம். பழைய தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்பு ஷீட் போடவில்லை. மண்ணின் ஈரம் மேலேறிப் பூச்சைத் தள்ளிவிட்டது. பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை முன்பே செய்திருந்தால் பிடிபட்டிருக்கும். அத்தனையையும் சுரண்டிவிட்டு, ஈரத்தைத் தடுக்கும் பிரைமர் அடித்து, மறுபடி முதலிலிருந்து.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைக்காமல், நனைத்து, அதற்கென்று உள்ள குழுவை வைத்து இறக்கினோம். கேபிள் ட்ரேக்களைக் கூரை தாங்கும் டிரஸ்ஸில் தொங்கவிடக் கட்டமைப்புப் பொறியாளர் சம்மதிக்கவில்லை, தரையிலிருந்தே தனிக் கால்கள் நட்டோம். பழைய அழுத்தக் காற்றுக் குழாயின் துருத்தூள் வால்வுகளை அடைத்ததால் அலுமினியக் குழாய்க்கு மாறினோம். பிரஸ் ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மினுங்குவது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதே மினுங்கலில் கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் வைத்த பிறகு சரி.

பழைய இயந்திரத்தை வயரிங்காலேயே கட்டுப்படுத்திய ஒரு ரிலே பேனலை மட்டும் எனக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை. கார் மாடல் மாறும்போதெல்லாம் இந்த மாதிரிப் பேனலின் வயரிங்கைப் பிரித்து மாற்றும் தொல்லை தாங்காமல்தான் 1960களின் கடைசியில் பிஎல்சியே (வயரிங்கை மாற்றாமல் நிரலை மாற்றினால் போதும் என்ற கட்டுப்பாட்டுக் கணினி) பிறந்தது. அந்தப் பேனல் இப்போது அலுவலக மூலையில் நிற்கிறது.

பாதுகாப்புக் கணக்கு லேஅவுட்டை இன்னொரு முறை கலைத்தது. ஐஎஸ்ஓ 13855 என்ற பாதுகாப்புத் தரநிலை மனிதன் நடந்து நெருங்கும் வேகத்தை நொடிக்கு 1600 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறது. ஆள் குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளிக்கதிர் வேலிதான் ஒளித்திரை. அதில் கை பட்டதிலிருந்து ரோபோ முழுதாக நிற்க அரை நொடி ஆனால், திரையை ரோபோவிலிருந்து தள்ளி வைக்கவேண்டிய தூரம் 800 மி.மீ. ஆயிற்று. திரை கவனிப்பதற்குள் கை உள்ளே போகக்கூடிய தூரத்தையும் கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். எங்கள் தூண்களுக்கு இடையே அந்த ஒரு மீட்டர் இல்லை. ஒரு செல்லை (ரோபோவும் அதைச் சுற்றிய வேலியும் சேர்ந்த பகுதி) அப்படியே தொண்ணூறு டிகிரி திருப்பினோம்.

கடைசியாக ஓட்டம். பாகங்களைச் சரிபார்க்கும் கேமரா, தயாரித்தவர்கள் இடத்தில் நடந்த சோதனையில் ஒரு பிழையும் காட்டவில்லை. எங்கள் ஷெட்டில் மாலை நாலு மணி வாக்கில் மட்டும் நல்ல பாகங்களையும் கழித்துத் தள்ளியது. மென்பொருள் ஆள் இரண்டு முறை வந்து எதையெதையோ மாற்றிப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் அன்று பக்கத்தில் நின்றிருந்தார். "சார், அந்நேரம் மேக்கு ஜன்னல் வெயில் இங்கதான் விழும். நாங்க ஒரு அட்டையைத் தொங்கவிட்டுட்டு வேலை பார்ப்போம்" என்றார். தூணில் அதற்கான ஆணிகூட இருந்தது. கேமராவுக்கு மூடி செய்து போட்டோம்.

மறுநாளே அவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து ஷெட் முழுக்க நடக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு இடத்தில் வட்டம் போட்டார். ஒன்பது நாங்கள் பணமும் நேரமும் கொட்டிக் கண்டுபிடித்தவை. பத்தாவது, பிரஸ் ஓடும்போது அதிரும் ஒரு மூலை. நல்லவேளை அங்கே எதுவும் வைக்கவில்லை. பதினோராவது வட்டத்தை மெயின் கன்ட்ரோல் பேனலின் காலடியில் போட்டார். பெருமழையில் அங்கேதான் தண்ணீர் எதிர்த்து ஏறுமாம். லைனை நிறுத்தி, பேனலைக் கழற்றி, 300 மி.மீ. மேடை கட்டி மறுபடி ஏற்ற ஒன்பது நாள் ஆனது.